மூன்றாவது நிறுத்தம்

ஏதென்ஸ்
1997 மே 3

அன்புள்ள லினார்தோ,

ஈஸ்டர் முடிந்து ஒரு வாரம் ஆகப்போகிறது. உனக்கென்று ஒரு சிவப்பு முட்டை எடுத்து வைத்திருந்தேன். நேற்று நானே உடைத்துச் சாப்பிட்டுவிட்டேன். முட்டையோடு முட்டை மோத ஆள் இல்லாததால் மேசை விளிம்பில் தட்டினேன். ஜெயித்தது மேசைதான்.

நீ வருவாய் என்று நான் நினைத்திருந்தேன். நான் வருவேன் என்று நீ நினைத்திருப்பாய். ஒரு குளிர்காலம் மட்டும் அச்சக வேலை என்று சொல்லிவிட்டுத்தான் அக்டோபரில் கிளம்பினேன், மறுக்கவில்லை. ஆனால் ஈஸ்டருக்குத் தீவிலிருந்து ஏதென்ஸ் வரை வர உனக்கு ஒரு நாள் கப்பல் பயணம்தான். இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தால் தாகம் போவதில்லை என்று நீ சொல்வது எனக்கு மறக்கவில்லை. நான் ஏழு மாதமாக அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறேன்.

போனில் பேசுவதில்லை என்று நாம் முடிவு செய்தது நல்லதுதான். பெட்டிக்கடை போனில் உனக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவர்களும் சேர்ந்தல்லவா என்னிடம் சண்டை போடுகிறார்கள். ஆனால் உன் அம்மாவுக்கு அந்த முடிவு பொருந்தாது போலிருக்கிறது. அச்சக எண்ணுக்கே அழைத்துவிட்டார். ஈஸ்டர் வாழ்த்து, முழங்கால் வலி, பூனை போட்ட குட்டிகள் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, வைக்கப் போகிற நேரத்தில் சொன்னார்: "அந்த ஜெர்மன்காரி இப்ப முன் சீட்டுலதான் உக்காந்து போறா. சிரிச்சா வாயில பல்லு மட்டும்தான் இருக்குது. எனக்கென்ன வந்துச்சு, கண்ணால பாத்ததச் சொல்றேன்."

'அரை நாள் தனிச் சுற்றுலா' என்று துறைமுகத்தில் உன் வாடகை வண்டி முன் பலகை வைத்திருக்கிறாயாம். விருந்தாளிகளுக்கு மொழிபெயர்க்க ஹெல்காவைச் சேர்த்திருக்கிறாயாம். நல்லது. அவள் படம் வரைந்து பிழைக்க முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த முன் இருக்கையைத் தள்ளும் பிடி உடைந்து, என் கால் அளவுக்கே நின்றுபோனதல்லவா? ஹெல்கா என்னைவிட ஒரு முழம் உயரம். அவள் தன் முழங்காலை எங்கே வைத்துக்கொள்கிறாள்? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அக்டோபரில் கப்பல் கிளம்பும்போது தளத்தில் நின்று உன் நீல வண்டியைத் தேடினேன். மீன்காரர் வண்டி நின்றது. பாதிரியாரின் ஸ்கூட்டர் நின்றது. அதைப் பற்றி நாம் இன்னும் பேசவில்லை.

இங்கே இப்போது ஒரு சமையல் புத்தகத்துக்குப் பிழை திருத்துகிறேன். எழுதியவர் எந்தக் குழம்பிலும் உப்பைச் சொல்லவில்லை. எல்லாப் பக்கத்திலும் நான் உப்பு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அர்யிரோ


கலோனிசி
மே 14

அன்புள்ள அர்யிரோ,

உன் கடிதம் புதன் கப்பலில் வந்தது. தபால்காரன் அதை வண்டியின் கண்ணாடி வழியாகக் கொடுத்துவிட்டு, நான் பிரிக்கும்வரை நின்றான். போகச் சொன்னேன். போகவில்லை. அப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் படித்தேன்.

ஹெல்காவுக்குப் பின் இருக்கையில் வாந்தி வருகிறது. விருந்தாளிகள் கணவனும் மனைவியுமாக வருகிறார்கள், அவர்களைப் பிரித்து உட்கார வைக்க முடியுமா? வேறு காரணம் எதுவும் இல்லை. முதல் வாரம் முழுக்க அவள் முழங்காலை முகவாயில் முட்டுக்கொடுத்துக்கொண்டுதான் வந்தாள். கோட்டை ஊர் வளைவில் பல்லில் இடித்துக்கொண்டாள். அதனால் இருக்கைப் பிடியைச் சரி செய்துவிட்டேன். இப்போது பின்னால் போகிறது.

சுற்றுலா நன்றாகப் போகிறது. ஓட்டல்களில் கேட்டு வருகிறார்கள். காலையில் துறைமுகத்திலிருந்து கிளம்பி முதலில் கோட்டை ஊர், அடுத்து காற்றாலை மேடு, அதற்கப்புறம் பராஸ்கெவி ஆலயம். கடைசியாகக் கறுப்பு மணல் கடற்கரையில் என் சித்தப்பா கடைக்குக் கூட்டிப்போவேன். அவர் கொடியில் தொங்கவிட்ட கணவாய் மீன் எல்லோர் கேமராவிலும் ஏறிவிட்டது. அதை விற்கவே மாட்டேன் என்கிறார். மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடுவோம். சாயங்காலம் இன்னொரு சுற்று.

ஈஸ்டருக்கு நீ வருவாய் என்று அம்மா ஆட்டுக்குட்டியில் உனக்குப் பிடித்த துண்டை எடுத்து வைத்தாள். பூனை தின்றுவிட்டது.

எப்போது வருகிறாய்?

லினார்தோஸ்


ஏதென்ஸ்
ஜூன் 8

அன்புள்ள லினார்தோ,

மூன்று வருடம் நான் முன்னே பின்னே நகர முடியாமல் உட்கார்ந்த இருக்கை அது. பிடியைச் சரி செய் என்று நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்? "உனக்குத்தான் சரியா இருக்கே, அப்புறம் என்ன" என்பாய். அவளுக்கு ஒரு பல்லில் இடித்ததும் சரியாகிவிட்டது. எனக்கும் பல் இருக்கிறது.

சிறுபிள்ளைத்தனம் என்று நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த நினைப்பு பகலில் மட்டும்தான் கூட இருக்கிறது. சாயங்காலம் அச்சகத்திலிருந்து திரும்பும்போது பேருந்தில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தாலும், உன் வண்டியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு நீளமான சிவந்த கால்கள்தான் கண்ணில் தெரிகின்றன.

இன்னொன்று. பராஸ்கெவிக்கு ஏன் கூட்டிப்போகிறாய்? அங்கே என்ன இருக்கிறது? சுண்ணாம்பு அடித்த நாலு சுவர், பூட்டிய கதவு, முட்செடி. வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்குத்தான் ஊரே அங்கே ஏறும். தெற்குப் பக்கம் போனால் கடல் மூன்று நிறத்தில் தெரியும், அங்கே போவதில்லை. பராஸ்கெவி மேட்டிலிருந்து துறைமுக வாயும் அந்த மொட்டை முனையும் தவிர ஒன்றும் தெரியாது. ஆளில்லாத இடம் என்பது மட்டும்தான் அதற்கு ஒரே சிறப்பு. இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அடிக்கப் போவதில்லை, அப்படியே அனுப்புகிறேன்.

முக்கியமான செய்தி இனிமேல்தான். அச்சக முதலாளி எனக்கு நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார். மாதா கோயில் திருநாளுக்கு முன்னால், ஆகஸ்டு நடுவில், பதில் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்டால் இங்கேயே இருந்துவிட வேண்டியதுதான், வருடம் முழுக்க. அப்படியானால் நீ அங்கே, நான் இங்கே என்று இப்படியே கடிதம் எழுதிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. ஒரு வக்கீலைப் பார்த்து முறையாகப் பிரிந்துவிடுவது இருவருக்கும் மரியாதை.

இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே. நீ என்ன சொல்கிறாய் என்று கேட்கிறேன். நான் கிளம்பிய அன்று நீ ஒன்றுமே சொல்லவில்லை.

அர்யிரோ


கலோனிசி
ஜூன் 20

அர்யிரோ,

நல்ல வேலை என்கிறாய். உன் இஷ்டப்படி செய்.

பராஸ்கெவியில் நிற்பது வண்டிக்காக. மேட்டில் ஏறினால் சூடாகிவிடுகிறது, கொஞ்சம் ஆற விட வேண்டும்.

அம்மா உனக்குக் கேப்பர் மொட்டு ஊறுகாய் அனுப்பியிருக்கிறாள். மூடி மேலே இருக்கும்படி வை, ஒழுகும்.

லினார்தோஸ்


ஏதென்ஸ்
ஜூலை 17

லினார்தோ,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அடித்த தாளை அனுப்பக் கூடாதென்று வேறு தாள் எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை எங்கள் அச்சகத்தின் முன் கடைக்கு ஒரு பெண்மணி வந்தார். ஸ்காட்லாந்துக்காரர். பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், பெயர் மிஸ் டன்லப். புத்தகத்தில் படித்துக் கற்ற கிரேக்கம், ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைத்து வைப்பதுபோல் பேசினார். நல்ல அகராதி கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். தீவுகளுக்குப் போனீர்களா என்று வழக்கம்போல் கேட்டேன். கலோனிசிக்குப் போனேன் என்றார். அது என் ஊர் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கண் கலங்கிவிட்டது.

அங்கே ஒரு வண்டிக்காரர் இருக்கிறாராம். அரை நாள் சுற்றிக் காட்டுகிறாராம். அவ்வளவு இளம் வயதில் மனைவியை இழந்தவராம்.

நான் அகராதிக்கு உறை போட்டுக்கொண்டே கேட்டேன். எப்படி இறந்தாளாம்? மூன்று நாள் காய்ச்சலாம். போன அக்டோபரிலாம்.

சளிகூடப் பிடிக்காத உடம்பு என்னுடையது, லினார்தோ.

அவர் ஒன்றும் விடாமல் சொன்னார். அந்த மனைவி முன் இருக்கையில் உட்கார்ந்து, கணவர் வண்டி ஓட்டும்போதெல்லாம் புத்தகம் படித்துக் காட்டுவாளாம். அவளுடைய குரலுக்காகவே அவர் நீண்ட வழியாகச் சுற்றிப் போவாராம். நாரத்தைப் பழத்தில் அவள் செய்யும் இனிப்பு வீதி முழுக்க மணக்குமாம். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டாளாம், ஜன்னல் ஓரம் போய் நின்றுகொள்வாளாம். அவள் படம் வண்டியின் முன்கண்ணாடி அடியில், மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். பெயர் என்ன என்று கேட்டேன். "அர்யிரோ" என்றார். "வெள்ளி என்று பொருள், இல்லையா? எவ்வளவு அழகான பெயர்."

நான் உறை போட்டு முடித்தேன். சில்லறை கொடுத்தேன். எனக்காகப் பராஸ்கெவி ஆலய வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றினாராம், அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

இரண்டு நாளாக யோசிக்கிறேன், எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று. நீ பொய் சொன்னதாலா? என்னைச் சாகடித்ததாலா? இரண்டும் இல்லை. ஹெல்காவிடம் எனக்கு இருந்ததெல்லாம் பொறாமையே இல்லை என்று இப்போது தெரிகிறது. அது கொசுக்கடி. இந்த இன்னொரு அர்யிரோ மேல்தான் எனக்குப் பொறாமை. அவள் படித்ததை நீ கேட்டாய். நான் படித்தபோது "மூடு, தல சுத்துது" என்றாய். நான் செய்த நாரத்தை இனிப்பு எப்போதும் அடிப்பிடித்தது, அதைப் பற்றி நீ சொன்னதெல்லாம் சட்டியைப் பற்றித்தான். கோபம் வந்தால் நான் ஜன்னல் ஓரம் போய் நின்றதே இல்லை, செருப்பை வீசியிருக்கிறேன். அவளுக்காகத் தினம் ஊர் பேர் தெரியாதவர்கள் முன்னால் உன் குரல் உடைகிறது. எனக்காக உன்னிடமிருந்து வந்த கடைசி வரி, ஊறுகாய் ஒழுகும் என்பது.

என்னைவிட எல்லாவற்றிலும் மேலாக ஒருத்தியை, அதுவும் என் பெயரிலேயே, என் படத்தை வைத்தே கொண்டுவந்துவிட்டாய். அவளோடு நான் எப்படிப் போட்டி போடுவது? நான் தினம் வயதாகிக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு அந்தக் கவலை இல்லை.

மிஸ் டன்லப் தன் படங்களைக் காட்டினார். ஒன்றில் இரண்டு பிரதி இருந்ததால் ஒன்றை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். பராஸ்கெவி மேடு. நீ எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு சுவர் ஓரம் நிற்கிறாய். தூரத்தில் முனை அருகே ஒரு கப்பல் பொட்டு மாதிரி தெரிகிறது. அந்த நேரத்தில் நீ யாரையும் பேச விடுவதில்லை என்றார். படத்தில் உன் உச்சியில் முடி கொட்ட ஆரம்பித்திருப்பது தெரிகிறது. அதை எனக்கு முன்னால் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் பார்த்துவிட்டார்.

முதலாளி நேற்றும் கேட்டார். பேனாவைக்கூட எடுத்து நீட்டினார். திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன். எந்தத் திங்கள் என்று சொல்லவில்லை.

பதில் எழுது. வண்டி சூடாகிறது என்று மட்டும் எழுதாதே.

அர்யிரோ


கலோனிசி
ஜூலை 29

அன்புள்ள அர்யிரோ,

நான் நீளமாக எழுதிப் பழக்கமில்லாதவன். இது நீளமாக இருக்கும். பிழை இருந்தால் திருத்திக்கொள்.

முதலில் சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். எப்படியும் அம்மா சொல்லிவிடுவாள்.

பராஸ்கெவி திருவிழா. ஊரே மேலே இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் அம்மாள் இருந்தார், அவருடைய பெற்றோர் நம் நாட்டிலிருந்து போனவர்கள். முந்தின நாள் என் வண்டியில் சுற்றிப் பார்த்தவர். நல்ல மனசு. பூசை அப்பத்தோடு, ஜெபத்தில் சொல்லப் பேர் எழுதிக் கொடுக்கும் தாளில், இறந்தவர்கள் பக்கம், தன் அப்பா அம்மா பெயருக்குக் கீழே உன் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

பாதிரியார் லெஃப்தெரிஸைத்தான் உனக்குத் தெரியுமே. கண்ணாடி போட்டுவிட்டால், தான் படிப்பது தன் காதிலேயே விழாததுபோல் படிப்பார். இறந்தோர் ஜெபத்தில் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தார். "உம்முடைய ஊழியக்காரி அர்யிரோ" என்றார். நம் ஊரில் அந்தப் பெயரில் நீ ஒருத்திதான். மெழுகுவர்த்தி உருகுகிற சத்தம்கூடக் கேட்டிருக்கும். அப்புறம் நாவிதர் மனைவி ஒரு ஓலம் எடுத்தாள் பார், ஆலயத்து விளக்கெல்லாம் ஆடியது.

அம்மா கீழே உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் வரிசையாக வந்து அவள் கையைப் பிடித்து, "நீங்க தீர்க்காயுசா இருக்கணும்" என்று துக்கம் கேட்க ஆரம்பித்தார்கள். காப்பிக் கடைக்காரன் துக்க வீட்டுக்குப் போகிற பிராந்தியும் ரஸ்க்கும் எடுத்துவரக் கீழே ஆளே அனுப்பிவிட்டான். நான் சுவரைப் பார்த்து நின்றேன். கடைசியில் ஹெல்காதான் பாதிரியாரிடம் போய்ச் சொன்னாள். அவர் வெளியே வந்து, "டேய், அந்தப் பொண்ணு உசுரோடயா இருக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப யாருடா செத்தது?" என்றார்.

அதற்குள் அம்மா எழுந்து வந்தாள். கையில் இருந்த திருவிழா மெழுகுவர்த்தியாலேயே முதுகில் போட்டாள். "கட்டுன பொண்டாட்டிய உசுரோட குழியில வெச்சவனே. உங்கப்பனுக்குக்கூட இந்தத் தைரியம் வரலடா." மெழுகுவர்த்தி மூன்றாக உடைந்தது. சட்டையில் இன்னும் மெழுகு இருக்கிறது.

இப்போது ஊரில் என்னைப் பார்த்தால் "பொண்டாட்டி சுகமா? மண்ணு கனமில்லாம இருக்கா?" என்று கேட்கிறார்கள். சாமான் தூக்கும் ஸ்டெலியோஸ் இதைச் சாகிறவரைக்கும் விடமாட்டான்.

ஹெல்கா அன்றே சொல்லிவிட்டாள். "காலையில ஒருதடவ, சாயங்காலம் ஒருதடவ, தினம் ரெண்டு தடவ உன் பொண்டாட்டிய நான்தான் கொல்றேன். இனிமே முடியாது. வேற ஆளப் பாத்துக்கோ." அவளுக்கு என் மேல் ஒன்றும் இல்லை, அர்யிரோ. எரிச்சல் நிறைய இருக்கிறது.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன்.

நீ கிளம்பிய அன்று எனக்கு ஒரு சுற்றுலா இருந்தது. ஒரு சுவிஸ் தம்பதி. அதைச் சாக்காக வைத்துத்தான் துறைமுகத்துக்கு வரவில்லை என்று நினைத்திருப்பாய். அப்படித்தான் நினைக்கட்டும் என்றுதான் நானும் விட்டேன். துறைமுகத்தில் நின்றிருந்தால் அழுதிருப்பேன். 'போகாதே' என்று சொல்லியிருப்பேன். நீ அந்த வேலைக்கு எவ்வளவு ஆசைப்பட்டாய் என்று எனக்குத் தெரியும். சொல்லிவிட்டால் நீ இருந்துவிடுவாய், இருந்துவிட்டு என்னை மன்னிக்கமாட்டாய் என்று பயந்தேன்.

காற்றாலை மேட்டிலிருந்து இறங்கும்போது கப்பல் சங்கு கேட்டது. வண்டியைப் பராஸ்கெவிப் பக்கம் திருப்பிவிட்டேன். அந்த மேட்டில் ஏறினால் துறைமுக வாயிலிருந்து முனை திரும்பும்வரை கப்பலைப் பார்க்கலாம். வேறெங்கிருந்தும் அவ்வளவு நேரம் தெரியாது. எஞ்சின் சூடாகிவிட்டது என்று அவர்களிடம் சைகை காட்டிவிட்டு இறங்கிச் சுவர் ஓரம் நின்றேன். கப்பல் சிறிதாகிக்கொண்டே போனது. நீ எந்தப் பக்கம் நின்றாய் என்று தெரியவில்லை. முனை திரும்பியதும் ஒன்றும் இல்லை, வெறும் தண்ணீர்.

அந்தச் சுவிஸ் அம்மாள் பக்கத்தில் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டார். வண்டியில் உன் படத்தைக் காட்டி ஏதோ கேட்டார். எனக்கு இருக்கிற ஆங்கிலத்தில், செத்துப்போய்விட்டாள் என்றேன். தெரிந்துதான் சொன்னேன், அர்யிரோ. விட்டுட்டுப் போய்ட்டாள் என்று சொல்ல வாய் வரவில்லை. விட்டுப் போனால் ஏன் என்று கேட்பார்கள். செத்துப்போனால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

அவர் ஊருக்குப் போய் ஓட்டலுக்கு எழுதியிருக்கிறார். வசந்தத்தில் வந்தவர்கள் 'அந்தத் துக்கக்கார டிரைவர்' வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். பராஸ்கெவிக்கும் கூட்டிப்போகச் சொன்னார்கள். ஹெல்கா வந்ததும் இன்னும் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல எனக்கு நன்றாக இருந்தது. நாள் முழுக்க உன்னைப் பற்றிப் பேச வேறு எந்த வழியும் எனக்கு இல்லை. ஊரில் உன் பெயரை எடுத்தால் சிரிக்கிறார்கள்.

கோபம், ஜன்னல், காய்ச்சல் எல்லாம் பொய். இனிப்பு பாதிப் பொய். புத்தகம் பொய் இல்லை. நீ படித்ததையெல்லாம் கேட்டேன். 'மூடு' என்று சொன்னது ஒரு தடவைதான். நீ கடைசியாகப் படித்த கதையில் கதாநாயகி பெட்டியை எடுத்து வைக்க ஆரம்பித்த இடம். அவள் போகப்போகிறாள் என்று தெரிந்துவிட்டது. அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

முன் இருக்கையை மறுபடி உன் கால் அளவுக்குத் தள்ளிவைத்துவிட்டேன். வேறு ஆள் கிடைக்கும்வரை ஹெல்கா வருகிறாள், நேற்று முழங்காலை முகவாயில் வைத்துக்கொண்டே வந்தாள். பல்லைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

நீ கையெழுத்துப் போட வேண்டுமென்றால் போடு. போகாதே என்று இப்போதும் சொல்லமாட்டேன். வா என்று சொல்கிறேன். அது வேறு.

உன்,
லினார்தோஸ்

மாதா திருநாளுக்கு உன் பெயரை உயிரோடிருப்பவர்கள் பக்கம் எழுதி இரண்டு தடவை படிக்கப்போவதாகப் பாதிரியார் சொல்கிறார். ஒரு தடவை படித்தால் பழையது அழியாதாம்.


ஏதென்ஸ்
ஆகஸ்டு 4

அன்புள்ள லினார்தோ,

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே அத்தை அழைத்துவிட்டார். அச்சகத்தில் எல்லா இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தது. "அடியே, நீ உசுரோடதான இருக்க? வாயத் தொறந்து பேசு, கேக்கணும்" என்றார். இருக்கிறேன் அத்தை என்றேன். "அப்ப சரி" என்று வைத்துவிட்டார். அதன்பிறகு எதற்கென்று தெரியாமல் கழிவறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

உன் கடிதத்தில் ஒன்பது பிழை. திருத்தவில்லை.

அந்தப் புத்தகத்தை நான் அப்புறம் தனியாகப் படித்து முடித்தேன். அவள் பெட்டியை எடுத்து வைக்கிறாள், உண்மைதான். நீ இன்னும் நாலு பக்கம் பொறுத்திருக்கலாம். மிச்சத்தை இங்கே எழுதமாட்டேன். எந்த வளைவிலிருந்து விட்டோம் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது, அங்கிருந்து படிக்க வேண்டும்.

மிஸ் டன்லப் கொடுத்த படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இதுவரை அதில் உன் முதுகைத்தான் பார்த்திருந்தேன். கப்பலைப் பார்க்கவில்லை. பத்து மாதமாக நான் உன் வண்டியைத் தேடியது தப்பான இடத்தில். கீழே மீன்காரர் வண்டிக்கும் பாதிரியார் ஸ்கூட்டருக்கும் நடுவில் தேடினேன். தலையைக் கொஞ்சம் தூக்கியிருந்தால் போதும்.

இன்று முதலாளியிடம் பேசினேன். வருடம் முழுக்க முடியாது என்றேன். நவம்பர் முதல் ஈஸ்டர் வரை இங்கே வந்து வேலை செய்கிறேன், மற்ற மாதங்களில் தாள்களைக் கப்பலில் அனுப்புங்கள், தீவிலிருந்து திருத்தி அனுப்புகிறேன் என்றேன். நிரந்தர வேலை போய்விடும் என்றார். தெரியும் என்றேன். பேனாவைத் திரும்பச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "கப்பல் முழுகினா என் புத்தகம் என்னம்மா ஆவுறது?" என்றார். சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

குளிர்காலத்தில் உனக்குச் சுற்றுலா கிடையாது. அந்த மாதங்களில் நீ என்னோடு ஏதென்ஸில் இருக்க வேண்டும். இந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டும். ஒரு பக்கம் நான் விட்டுக்கொடுக்கிறேன், இன்னொரு பக்கம் உன்னுடையது. யோசித்து முடிவு செய். நீ பதில் எழுதி அனுப்ப நேரமில்லை, அதனால் வேறு வழி சொல்கிறேன்.

இது புதன் கப்பலில் உன்னிடம் வரும். நான் சனிக்கிழமைக் கப்பலில் வருகிறேன். உனக்கு அன்று சுற்றுலா இருக்கும், ரத்து செய்யாதே. துறைமுகத்துக்கும் வராதே. ஸ்டெலியோஸ் என் பெட்டியைத் தூக்கட்டும், என்ன கேட்டாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். வருகிற கப்பலும் அதே முனையைச் சுற்றித்தானே வர வேண்டும். நான் சொன்னதற்கு உனக்குச் சம்மதமென்றால், அந்த நேரத்துக்கு வண்டியைப் பராஸ்கெவி மேட்டில், கடல் பக்கம் தெரிகிற மாதிரி நிறுத்து. சம்மதமில்லையென்றால் தெற்குப் பக்கம் போய் அவர்களுக்கு மூன்று நிறக் கடலைக் காட்டு. வண்டி மேட்டில் இல்லாவிட்டால் நான் துறைமுகத்தில் இறங்கவே மாட்டேன், அதே கப்பலில் திரும்பிவிடுவேன். கோபமாக இல்லை, ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு.

இன்னும் இரண்டு உண்டு. விருந்தாளிகள் கேட்டால் உண்மையைச் சொல். ஏமாற்றமடைவார்கள், பரவாயில்லை. அந்தப் படத்தையும் முன்கண்ணாடியிலிருந்து எடுத்துவிடு. அவளை எங்கே வைத்துக்கொள்வாயோ எனக்குத் தெரியாது. அவள் உனக்குப் பத்து மாதம் துணையாக இருந்திருக்கிறாள், நான் இல்லை. தூக்கி எறி என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த வண்டியில் முன் இருக்கை ஒன்றுதான் இருக்கிறது.

கப்பல் சிறிதாகிக்கொண்டே போவதை அந்தச் சுவர் ஓரம் எத்தனையோ நாள் நின்று பார்த்துவிட்டாய். சனிக்கிழமை அது பெரிதாகிக்கொண்டே வரும். நான் தளத்தில் இடது பக்கம் நிற்பேன். இந்த முறை துறைமுகத்தைப் பார்க்கமாட்டேன். மேலே பார்ப்பேன்.

உயிரோடு,
அர்யிரோ